ஆறாயிரத்துக்கு மேலே

பிஸ்டன் தலையில் பச்சைக் களிமண்ணை ஒட்டி, ஓரத்தைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு, மருதாசலம் கையைத் துணியில் துடைத்தபோது மணி பத்தரை இருக்கும். பிள்ளைகள் யானை செய்து விளையாடுகிற களிமண்தான். புலியகுளத்தில் நோட்டுப் புத்தகக் கடையில் வாங்கும்போது கடைக்காரர் ‘பேத்திக்குங்களா’ என்று கேட்டார், இவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். இஞ்சினுக்கு என்று சொன்னால் அதற்கு அரைமணி நேரம் விளக்கம் சொல்ல வேண்டும். விஷயம் என்னவோ சின்னதுதான். கேம் சுற்றும்போது வால்வைக் கீழே தள்ளுகிறது, அந்த நேரம் பார்த்துப் பிஸ்டன் மேலே வருகிறது, ரெண்டும் முட்டிக்கொள்ளக் கூடாது. எவ்வளவு இடைவெளியில் தப்பிப் போகின்றன என்பதைக் களிமண் அழுந்திக் காட்டும். பெஞ்சின் மேல் இருந்தது மெர்லினுடைய புல்லட் இஞ்சின். முந்நூற்றைம்பது சிசியாகப் பிறந்தது. சிலிண்டரை அகலமாக்கி, கிராங்கின் பின்னை நாலரை மில்லி வெளியே தள்ளி, பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரத்தில், அதாவது ஸ்ட்ரோக்கில், ஒன்பது மில்லி கூட்டி, இப்போது ஐநூற்றைம்பதாக உட்கார்ந்திருந்தது. எல்லா வேலையும் ஆயிற்று, கேம் மட்டும் பாக்கி. எண்ணெய்த் துணியின் மேல் ரெண்டு ஜோடி கிடந்தன. ஜோடிக்கு ரெண்டு கேம், பெட்ரோல் புகையை உள்ளே விட ஒன்று, எரிந்த புகையை வெளியே தள்ள ஒன்று. அரைத்துக் கொடுத்த வரதராசு அடையாளத்துக்கு நூல் கட்டி அனுப்பியிருந்தார். வெள்ளை நூல் சாது. வால்வை அளவாகத் திறந்து காலத்தோடு மூடும், கீழ்ச் சுற்றிலேயே இழுவை கொடுக்கும். சிவப்பு நூல் அகலத் திறந்து வெகுநேரம் மூடாது. கீழே முனகிக்கொண்டு கிடக்கும், நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்றைத் தாண்டினால் எழுந்து உட்காரும், அதன் வீரமெல்லாம் ஆறாயிரத்துக்கு மேலேதான். ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில் மெர்லின் வருவாள். எந்த ஜோடி என்று சொல்லி, மாட்டி, இன்றைக்கே இஞ்சினை மூட வேண்டும். அடுத்த மாதம் கால் மைல் ஓட்டம், அதற்கு முன்னால் வண்டியை ஓட்டிப் பழக்க நாள் வேண்டும். ஓட்டுவதும் அவளேதான். வேறு யாருக்கோ அவள் கொடுத்து ஓட்டச் சொல்லியிருந்தால் நன்றாயிருக்குமா என்று ஒரு நினைப்பு வந்து, அந்த வேறு யாருக்கும் எலும்பு இருக்குமே என்று அதுவே திரும்பிப் போயிற்று.

சிவப்பைத்தான் முதலில் மாட்டினார். ஏன் என்று கேட்டால் தெரியாது, கை அதை எடுத்தது. கியர்ப் பற்களில் இருக்கிற புள்ளிகளை நேருக்கு நேர் நிறுத்தி, வால்வைத் தள்ளுகிற ராடுகளை நட்டு, வால்வு முகத்தில் களிமண் ஒட்டாமலிருக்க ஒரு சொட்டு எண்ணெய் தடவி, வால்வுகள் இருக்கிற ஹெட்டை இறக்கி நட்டுகளை முடுக்கி, ஸ்பேனர் போட்டுக் கிராங்கை மெல்லச் சுற்றினார். வால்வு களிமண்ணில் பதிகிற இடத்தில் ஸ்பேனர் இம்மி அளவு கனத்தது. அது கைக்குத் தெரிந்தது. கைக்கு எல்லாம் தெரிகிறது. ஐம்பத்தெட்டு வயதில் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி போட்டதோடு சரி. ரெண்டு சுற்று முடித்து ஸ்பேனரை எடுக்கும்போது வரதராசு போன வாரம் பேசியது ஞாபகம் வந்தது. ‘வகுறு பெருசாயிருச்சல்லங் மருதாசலம், வாய மட்டும் சின்னதா வெச்சா எப்புடிங் திங்கும்? ஐநூத்தம்பதுக்குச் சிவப்பே சாதுதானுங்.’ பேச்சு நியாயம்தான். சின்ன இஞ்சினில் அடங்காத கேம் பெரிய இஞ்சினில் பாதி அடங்கிப்போகும், அது அவரும் கண்டதுதான். ஆனால் ஸ்ட்ரோக் கூட்டின இஞ்சினில் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதல் தூரம் ஓடிவிட்டு வர வேண்டும். ஆறாயிரத்தில் அந்த ஓட்டம் ஓடச் சொன்னால் பிஸ்டனைப் பிடித்திருக்கிற ராடு எத்தனை நாள் தாங்கும். இழுவைக்காகப் பெரிதாக்கின இஞ்சினை இழுவையில் ஓட்டாமல் சுற்றில் ஓட்டுவானேன். அதுவும் நியாயம்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் என்றால் இந்த ரெண்டு நியாயத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஏதாவது ஒன்றை மாட்டி, ஓடவிட்டு, நீள ஸ்குரூ டிரைவரை ஹெட்டில் வைத்துப் பிடியைக் காதோரம் கொடுத்துக் கேட்டிருப்பார். வால்வு சொல்லிவிடும். சுற்று ஏற ஏற ஸ்பிரிங் வால்வைக் கேமோடு ஒட்டி வைக்கத் திணறும், ஒரு இடத்தில் வால்வு கேமை விட்டுத் தாவும், அந்தத் தாவலுக்கு ஒரு சத்தம் உண்டு. சிக் என்று, ஊசியால் கண்ணாடியைத் தொட்ட மாதிரி. அதைக் கேட்டுவிட்டு ‘இத்தினிக்கு மேல போவாத’ என்று சொல்லிவிட்டால் ஓட்டுகிறவன் போகமாட்டான். கோயமுத்தூரில் வண்டி ஓட்டுகிறவர்கள் மீட்டரைப் பார்த்து ஓட்டினார்களோ இல்லையோ, மருதாசலம் கேட்டுச் சொன்ன எண்ணை வைத்து ஓட்டினார்கள்.

பக்கத்துக் கடையில் கிரைண்டர் டிரம்முக்குப் பாலிஷ் போடுகிற சத்தம் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். முன்னெல்லாம் பல் கூசும், காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் பேசவே முடியாது. நல்ல மிஷின் வாங்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணி, ஒரு நாள் அந்தக் கடை ஓனரிடம், பரவாயில்லீங்க, இப்பச் சத்தமே இல்லை என்று மெச்சக்கூட மெச்சினார். அந்த மனுஷன் சண்டைக்கு வருகிறாரோ என்று ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். கொசு விஷயமும் அப்படித்தான். கார்ப்பரேஷன்காரன் இந்த வருஷம் நல்ல மருந்து அடித்திருக்கிறான், காதோரம் ஒரு கொசு ரீங்காரம் இல்லை என்று வீட்டில் சொன்னார். மனைவி ராஜாமணி அவருடைய முழங்கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். வரிசையாகத் தடிப்பு. ‘கொசு வாய மூடிட்டுக் கடிக்குதாட்ட இருக்குது’ என்றாள். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது, சொல்லவில்லை. குக்கர் நாலு விசில் அடித்து அடி பிடித்த அன்றைக்குத்தான் சொன்னாள். ‘ஊரு இஞ்சினெல்லாம் கேக்குது, ஊட்டுக் குக்கரு கேக்கறதில்லயாக்கும்.’ குக்கரும் இஞ்சினும் ஒன்றாகாது, குக்கரை யார் கவனித்தார்கள் என்று இவர் சொன்னார். சொன்னதை நம்பவும் செய்தார். மனுஷன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறதை நம்புகிற மாதிரி வேறு யார் சொல்வதையும் நம்புவதில்லை. பிறகு ஒரு நாள் ஷெட்டில் யாரும் இல்லாதபோது, ஓடிக்கொண்டிருந்த இஞ்சினில் ஸ்குரூ டிரைவரை வைத்து, காதில் வேண்டாம் என்று தாடை எலும்பில் கொடுத்துப் பார்த்தார். கீழ்ச் சத்தமெல்லாம் இருந்தது. பிஸ்டன் இருந்தது, கியர் இருந்தது, எண்ணெய் பம்ப்பின் முணுமுணுப்பு இருந்தது. சுற்றை ஏற்ற ஏற்ற எல்லாம் ஒரு பஞ்சு மூட்டைக்குள் போயிற்று. மாடிக்குப் போகிற படி பாதியில் நின்றுவிட்ட மாதிரி. ஆறாயிரத்துக்கு மேலே ஒரு வீடு இருக்கிறது, அங்கே நாற்பது வருஷம் குடியிருந்தார், இப்போது படி இல்லை. வலது காதில் சுத்தமாக இல்லை, இடதில் ஏதோ நிழல் மாதிரி.

ஹெட்டைக் கழற்றித் திருப்பி வைத்தார். களிமண்ணில் வால்வு ரெண்டு பிறை பதித்திருந்தது. அந்தப் பிறையைப் பார்த்ததும் பெஞ்சுக்கு அடியில் இருக்கிற சாக்கு ஞாபகத்துக்கு வந்தது. வராமலிருக்க வேண்டும் என்று காலையிலிருந்து அந்தப் பக்கம் காலை நீட்டாமல் நின்றுகொண்டிருந்தார். சாக்குக்குள் இருப்பது சிவநேசன் வண்டியின் பிஸ்டன். சிவநேசன் பால் வண்டி ஓட்டுகிறவன், முப்பது வயது, சிரித்தால் ஈறு தெரியும். மாசி மாதம் அவனுடைய பந்தய வண்டிக்கு ஒரு இஞ்சின் கட்டிக் கொடுத்தார், இதே வரதராசு அரைத்த இதே மாதிரி ஒரு சிவப்பு. கட்டி முடித்த அன்று இங்கேதான், இந்தப் பெஞ்சுக்கு எதிரேதான், வண்டியை நிறுத்தி அவன் ஆக்சிலேட்டரை முறுக்கினான். இவர் ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்டார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்றுதான் அந்த நிமிஷம் எடுத்துக்கொண்டார். நாற்பது வருஷப் பழக்கம் அது. சத்தம் இல்லாவிட்டால் கோளாறு இல்லை. ‘சுத்தமா இருக்குது, கொண்டு போ’ என்றார். ஷட்டர் பக்கத்தில் மெர்லின் நின்றிருந்தாள், தன் இஞ்சினைப் பற்றிப் பேச வந்தவள். டிராக்கில் மூன்றாவது கியரில் வால்வு தலை உடைந்து உள்ளே விழுந்து, பின் சக்கரம் பூட்டிக்கொண்டு, சிவநேசன் விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. மெர்லின் வேலை செய்கிற ஸ்கேன் சென்டரில்தான் படம் எடுத்தார்கள், அவளே எடுத்தாள். உடைந்த இஞ்சினைப் பிரித்தபோது இவரைச் சுற்றி நாலு பேர் இருந்தார்கள். பிஸ்டன் தலையில் உடைந்த வால்வு கொத்திய பள்ளங்கள், அதை எல்லோரும் பார்த்தார்கள். பள்ளங்களுக்கு அடியில் ஒரு பிறை, கரி படியாமல் பளபளவென்று, அதை இவர் மட்டும் பார்த்தார். உடைந்த நேரத்தில் விழுந்த பிறை அது கிடையாது. பல ஆயிரம் தடவை பட்டும் படாமலும் முத்தமிட்டு முத்தமிட்டுத் தேய்ந்து பளபளப்பான பிறை. இந்த ஷெட்டில் முறுக்கியபோதே பட்டிருக்கிறது. அப்போதே சத்தம் இருந்திருக்கிறது. ‘ஸ்பிரிங் போயிருச்சு’ என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிஸ்டனைத் துடைக்கிற மாதிரி துணியில் சுற்றிச் சாக்கில் போட்டார்.

அதோடு நின்றிருந்தால் ஒருவேளை அவர் அதை மறந்துபோயிருக்கலாம், மனுஷனால் முடிகிற காரியம்தான். போன திங்கட்கிழமை சிவநேசன் கையைத் தொட்டில் கட்டித் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். ‘என்ற தப்புதாங்ணா. நீங்க சுத்தமாக் கட்டிக் குடுத்தீங்க. நாந்தான் ஆசைல கொஞ்சம் மேல முறுக்கிட்டேன். உங்க பேருக்கு ஒண்ணும் வந்தரக் கூடாதுங்.’ பந்தய வண்டியை விற்கப் போகிறானாம். அவனுக்கு நிதானம் இல்லை, அவன் கைக்கு இந்த வேலை ஒத்துவராது என்று பெண்சாதி சொல்கிறாள், அது சரிதான் என்றான். இவர் அவனுக்கு டீ சொன்னார். டீ வந்தது, குடித்தான், இடது கையால் கிளாசைப் பிடிக்கத் தெரியாமல் சட்டையில் சிந்திக்கொண்டான். அந்த டீ குடிக்கிற அஞ்சு நிமிஷத்துக்குள் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார், ‘டீல சக்கர போதுமா’ என்று வந்தது.

பிளேடால் களிமண்ணைக் குறுக்கே வெட்டினார். வெட்டு வழவழவென்று இருந்தது, மைசூர்பாகு மாதிரி. காலிப்பரை வைத்தார். உள்ளே விடுகிற பக்கம் ஒன்றே முக்கால் மில்லி, வெளியே தள்ளுகிற பக்கம் ரெண்டேகால். அவர் கணக்குக்கு இந்தப் பக்கம் ரெண்டும் அந்தப் பக்கம் ரெண்டரையும் இருக்க வேண்டும். கால் மில்லிதான் பற்றாக்குறை. பிஸ்டனில் வால்வுக்கான குழியைக் கால் மில்லி ஆழப்படுத்தினால் போதும், வரதராசு கடையில் அரைமணி வேலை. களிமண்ணே முடிவு சொல்லிவிடும், நமக்கு வேலை இல்லை என்று காலையில் ஒரு எண்ணம் இருந்தது. ஒன்று முட்டும், ஒன்று முட்டாது, முட்டாததை மாட்டிவிட்டுப் போகலாம் என்று. களிமண் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. சிவநேசன் இஞ்சினுக்கும் களிமண் வைத்துத்தான் பார்த்தார், அதில் ரெண்டு மில்லி இருந்தது. களிமண் சொல்வதெல்லாம் கையால் சுற்றுகிற சுற்றுக்குத்தான். ஆறாயிரத்தில் வால்வு எப்படித் தாவும் என்று களிமண்ணுக்கு என்ன தெரியும். அது காது பார்க்கிற வேலை. சிவப்பை அவிழ்த்துவிட்டு வெள்ளையை மாட்டி, புதுக் களிமண் உருட்டி, திரும்பவும் நட்டு, திரும்பவும் ரெண்டு சுற்று. வெள்ளைக்கு மூன்று மில்லிக்கு மேல் இருந்தது, தாராளம். வெள்ளை ஐயாயிரத்தோடு மூச்சை விட்டுவிடும், அதற்கு மேல் முறுக்கினாலும் வண்டி போகாது, போகாததால் யாரும் முறுக்கமாட்டார்கள். ஐயாயிரம் வரைக்கும் இடது காதுக்குக் கேட்கிறது. அப்படியானால் வெள்ளைதான். சரி, வெள்ளைதான். இதை மெர்லினிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டும், காரணம் கையிலேயே இருக்கிறது, ஸ்ட்ரோக் கூட்டின இஞ்சினுக்கு இழுவைக் கேம், புத்தகத்தில் படித்தவர்களும் அதைத்தான் சொல்வார்கள். பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் காது இருந்திருந்தால் சிவப்பை வைத்திருப்பாரா. வைத்திருப்பார் என்று தோன்றியது. அடுத்த நிமிஷம், இருந்தாலும் வெள்ளைதான் வைத்திருப்போம், ராடு தாங்காது என்று தோன்றியது. மூன்றாவது நிமிஷம், எட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு ஸ்ட்ரோக்கர் கட்டினோமே, அதற்குச் சிவப்புதானே போட்டோம், ராடு தாங்கிற்றே என்று தோன்றியது. வெள்ளையை எடுத்து வலது பக்கம் வைத்தார். சிவப்பை எடுத்து இடது பக்கம் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து இடம் மாற்றி வைத்தார்.

போன் பெஞ்சின்மேல் அதிர்ந்தது. பெஞ்சே நடுங்கியதால் தெரிந்தது. ராஜாமணி. ‘சோத்துக்கு வாரீங்களா, குடுத்து உடட்டுமா?’ ‘மெர்லின் வருது. பொறவு வாறேன்.’ ‘அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லீட்டீங்களா?’ ‘என்னத்த?’ அந்தப் பக்கம் பேச்சில்லை. ராஜாமணி பேசாமலிருந்தால் அது இவருக்கு நன்றாகக் கேட்கும். ‘அந்தக் காயிதத்தக் கிழிச்சுப் போடுங்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

காகிதம் டூல் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருந்தது, ரெண்டு பக்கமும் டேப் போட்டு. சித்திரையில் சமுதாயக் கூடத்தில் இலவசக் காது முகாம் நடந்தபோது ராஜாமணி கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு சின்ன ரூம், தலையில் ஹெட்போனை மாட்டினார்கள், சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். சோதிக்கிற பெண் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து மிஷினைத் திருகினாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அலமாரி. நாலு சத்தம் வரைக்கும் உண்மையாகவே கேட்டு அமுக்கினார். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் சத்தம் அனுப்புகிற போதெல்லாம் வலது முழங்கை கொஞ்சம் தூக்கி இறங்குவதை அலமாரிக் கண்ணாடியில் பார்த்தார். ஒரு இஞ்சினுக்கு முன்னால் நாற்பது வருஷம் நின்றவனுக்கு எது தூக்கினால் எது இறங்கும் என்று கண்டுபிடிப்பதா கஷ்டம். முழங்கை தூக்கியது, அமுக்கினார். தூக்கியது, அமுக்கினார். ஏமாற்ற வேண்டும் என்று போகவில்லை. கை அதுவாகச் செய்தது, சிவப்பை எடுத்த கைதான். கடைசியில் அந்தப் பெண் காகிதத்தைக் கொடுத்து, ‘இந்த வயசுக்கு அருமையான காதுங்கய்யா’ என்று சொன்னாள். அதில் கோடு ஏறாமல் இறங்காமல் நேராகப் போயிருந்தது, செத்தவன் நாடி மாதிரி. வெளியே வந்து ராஜாமணியிடம் காட்டினார். அவள் காகிதத்தைப் பார்த்தாள், இவர் முகத்தைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் ஏதோ ஒன்றைப் பார்த்தாள். தினமும் பெட்டியைத் திறக்கும்போது அந்தக் கோடு கண்ணில் படும். முதல் ஒரு வாரம் அது கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

இப்போது பெட்டியைத் திறந்து காகிதத்தைப் பார்த்தார். கிழிக்கவில்லை. இதைக் கிழித்தால் மட்டும் என்ன, பிறை சாக்கிற்குள் இருக்கிறது. ஒரு யோசனை வந்தது, வெள்ளையைப் போட்டுவிட்டால் இனிமேல் யாருக்கும் சிவப்பே போடாமல் விட்டுவிடலாம். மருதாசலம் இப்பல்லாம் இழுவைக் கேம்தான் போடறாரு, அனுபவம் பேசுது என்று ஊர் சொல்லும். ஊருக்கு அனுபவத்துக்கும் செவிட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இன்னும் பத்து வருஷம் அப்படியே ஓட்டிவிடலாம், ஐயாயிரத்துக்குக் கீழே ஒரு வாழ்க்கை, குறையொன்றும் இருக்காது. சிவநேசன் வண்டியை விற்றுவிட்டுத் தனக்கு நிதானம் இல்லை என்று பால் ஊற்றிக்கொண்டிருப்பான். அவன் நிதானமானவன். மூன்று வருஷமாகப் பார்க்கிறார், ஆறாயிரத்து ஐந்நூறு என்று சொன்னால் ஆறாயிரத்து நானூற்றில் விடுகிறவன். அது இவருக்குத் தெரியும். இவருக்கு மட்டும்தான் தெரியும். அவன் பெண்சாதிக்கும் தெரியாது, இனி அவனுக்கும் தெரியாது.

வாசலில் வெளிச்சம் மறைந்தது. மெர்லின் எப்போது ஸ்கூட்டரை நிறுத்தினாள் என்று தெரியவில்லை, ஹெல்மெட்டைக் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொண்டு நின்றாள். முப்பத்துமூன்று வயது, கழுத்தில் ஸ்கேன் சென்டர் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுத் தூக்கு. பெஞ்சைச் சுற்றி வந்து அவருக்கு இடது பக்கமாக ஒரு ஆயில் டின்னின் மேல் உட்கார்ந்தாள்.

‘என்னுங்ணா, எல்கேஜி கிளாசாட்டக் களிமண்ணு வெச்சிட்டிருக்கீங்க.’

‘உன்ற இஞ்சினுக்குத்தான் அம்மிணி. யானை செய்யத் தெரியல, பிறைதான் வந்துது.’

‘சாப்பிட்டீங்களா? எலுமிச்சஞ் சோறு இருக்குது. எங்கம்மா உப்புக் கம்மியாப் போட்டிருக்கும், இஞ்சின் ஆயிலு தொட்டுட்டுச் சாப்பிடலாம்.’ தூக்கைத் திறந்து மூடியில் ரெண்டு கரண்டி எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். ‘சொல்லுங்ணா. எது? சிவப்புத்தான?’

காரணம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஸ்ட்ரோக், இழுவை, ராடு. காலையிலிருந்து ஒத்திகை பார்த்த பேச்சு. அவள் ஏன் எப்போதும் இந்தப் பக்கமே உட்காருகிறாள் என்று அப்போதுதான் அவருக்குத் தட்டுப்பட்டது. வலது பக்கம் நல்ல ஸ்டூலே இருக்கிறது.

‘மேல எனக்குக் கேக்கறதில்ல அம்மிணி’ என்றார். ‘ஆறாயிரத்துக்கு மேல. ஒண்ணும் கேக்கறதில்ல.’

மெர்லின் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். அவசரப்படவில்லை.

‘பேச்சு சரியாக் கேக்கறதில்லன்னு தெரியுமுங். வலதுபக்கமிருந்து கூப்புட்டாத் திரும்ப மாட்டீங்க. அதனாலதான் இக்கட்ட உக்காருவேன். ஆனா இஞ்சின் கேக்கும்னு நெனச்சேன். உங்களுக்கு மனுசங்க பேச்சுத்தான் கேக்காது, இஞ்சின் கேக்கும்னு நாங்க எல்லாருமே அப்புடித்தான் சொல்லிக்குவோம்.’

‘அன்னைக்கு நீ ஷட்டர்கிட்ட நின்னயல்ல. சிவநேசன் முறுக்குனப்ப.’

‘நின்னனுங்.’

‘உனக்கு ஏதாச்சும் கேட்டுதா?’

அவள் தூக்கைக் கீழே வைத்தாள். பக்கத்துக் கடையில் யாரோ டிரம்முக்குப் பாலிஷ் போட ஆரம்பித்திருக்க வேண்டும், மெர்லின் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். மருதாசலத்துக்கு அறை அமைதியாக இருந்தது.

‘கேட்டுச்சுங்ணா’ என்றாள். ‘நீங்க சுத்தமா இருக்குதுன்னு சொன்னீங்க. நீங்களே சொல்லிட்டீங்க, அப்ப என்ற காதுதான் கோளாறுன்னு நெனச்சுட்டு ஊட்டுக்குப் போயிட்டேன். பொறவு அவரு படத்த நாந்தான எடுத்தேன். எலும்பு ரெண்டாத் தெரிஞ்சுது. அப்பவும் சொல்லல. ஸ்பிரிங்குன்னு எல்லாரும் சொன்னாங்க, சரின்னு உட்டுட்டேன்.’

‘எப்புடிக் கேட்டுது?’

அவள் தூக்கு மூடியை எடுத்துக் கவிழ்த்து, விரல் நகத்தால் தட்டினாள். ரெண்டு வேகமாக, ஒரு இடைவெளி, இன்னொன்று. நகம் போய் வருவதை அவர் பார்த்தார். ‘இன்னொரு தரம்’ என்று சொல்லி மூடியின் ஓரத்தில் விரலை வைத்தார். அவள் தட்டினாள். விரலில் வந்தது. அதே கணக்கு, அதே விட்டுப் பிடிக்கிற நடை. அதுதான். வேறெதாகவும் இருக்க முடியாது. எத்தனை தடவை கேட்ட சத்தம், விரலில் வந்து பார்த்ததில்லை.

குனிந்து பெஞ்சுக்கு அடியில் கையைவிட்டுச் சாக்கை இழுத்தார். பிஸ்டனை எடுத்துத் துணியைப் பிரித்து ரெண்டு ஜோடிக் கேமுக்கும் நடுவில் வைத்தார். பளபளப்பான பிறையை மெர்லின் பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை, களிமண்ணில் இருந்த பிறையையும் ஒரு தடவை பார்த்தாள், அதோடு சரி.

‘உனக்கு வெள்ளதான் போடப்போறேன்’ என்றார். ‘அதுக்குக் காரணம் ரெண்டு. ஒண்ணு இஞ்சினோடது, இத்தன நீளமா ஏறி எறங்கற பிஸ்டன அத்தன சுத்துல ஓட்டக் கூடாது. இன்னொண்ணு என்னோடது, வெள்ள போற வரைக்குந்தான் எனக்குக் கேக்கும். எது நெசமான காரணம்னு காத்தாலிருந்து பாக்கறேன், தெரியல.’

‘ரெண்டும் ஒரே பக்கந்தான இழுக்குது. அப்பறமென்னங்.’ சிவப்பு நூல் ஜோடியை அவளே எண்ணெய்த் துணியில் சுருட்டினாள். கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது முகத்தில், மறைக்கவில்லை. ‘ஜெயிக்க மாட்டேனில்ல?’

‘மாட்டே.’

‘சரிங்’ என்றாள். ‘மத்தவங்களுக்குச் சொல்லலீங்களா?’

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். சிவநேசன் பெயரைத் தேடி அமுக்கினார். பழக்கத்தில் கை வலது காதுக்குப் போயிற்று, பாதி வழியில் நின்று இந்தப் பக்கம் வந்தது. ‘ஸ்பீக்கர்ல போடுங்ணா, நானும் ஒண்ணு சொல்லோணும்’ என்றாள் மெர்லின். அவர் போனைப் பிஸ்டனுக்குப் பக்கத்தில் பெஞ்சின் மேல் வைத்தார். மணி அடிப்பது பெஞ்சு வழியாக உள்ளங்கைக்கு வந்தது, ஒன்று, ரெண்டு, மூன்று. இந்த நேரத்துக்கு அவன் வீட்டில்தான் இருப்பான், ஒற்றைக் கையால் சாப்பிட்டுக்கொண்டிருப்பான், எடுக்காமல் விட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு எழுந்தது. அதை அவர் துரத்தவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

‘சொல்லுங்ணா’ என்றான் சிவநேசன். தணிந்த குரல், ஆயிரம் சுற்றுக்கும் கீழே ஓடுகிற குரல். ஒரு எழுத்து விடாமல் கேட்டது.